மேடை விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (கொங்கு நாட்டு உதாரணங்களோடு)

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை விவாதப் போட்டிக்குத் தயார் செய்யும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பவையும் இதில் உண்டு. வெறும் சொல் விளக்கம் மனதில் தங்காது. அதனால் முடிந்தவரை ஒரே தலைப்பை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறேன்: "கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவதை இந்த அவை ஆதரிக்கிறது."

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. மண் வாய்க்கால். கடைமடைக்குத் தண்ணீர் சரியாக வந்து சேருவதில்லை, அதனால் தளம் போடுங்கள் என்று ஒரு பகுதி விவசாயிகள் கேட்கிறார்கள். தளம் போட்டால் கசிவு நின்றுபோகும், கசிவை நம்பிய கிணறுகள் வற்றிவிடும் என்று இன்னொரு பகுதியினர் எதிர்க்கிறார்கள். போராட்டம், உண்ணாவிரதம், நீதிமன்றம் வரை போன விஷயம் இது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் விவாதம் கற்க இது நல்ல தலைப்பு.

பட்டிமன்றமும் விவாதப் போட்டியும் ஒன்றுதானே?

இல்லை. பட்டிமன்றத்தில் நடுவர்தான் நாயகர். அணிப் பேச்சாளர்கள் கதையும் சிரிப்புமாகப் பேசுவார்கள், இடையிடையே நடுவர் தொகுப்பார், கடைசியில் தன் மனதில் பட்டதைத் தீர்ப்பாகச் சொல்வார். எதிரணி சொன்ன ஒரு வாதத்துக்குக்கூடப் பதில் சொல்லாமல் ஒருவர் கைதட்டல் வாங்கிவிட முடியும்.

விவாதப் போட்டியில் அது நடக்காது. எதிரணி சொன்னதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நடுவர் நடுவில் பேசமாட்டார். தன் சொந்தக் கருத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அவைக்கு வந்த வாதங்களை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய பட்டிமன்றத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறு கலை. பழைய பட்டிமண்டபம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. மணிமேகலையின் முதல் காதையில், இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளைப் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று அழைக்கிறான். அடுத்த வரியிலேயே, பகைவரோடு ஆனாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். கோபமும் சண்டையும் இல்லாமல் விலகிப் போங்கள் என்று பொருள். இன்றைய போட்டி விதிமுறைகளில் முதல் பக்கத்தில் இருப்பதும் இதுவே.

மோஷன் என்றால் என்ன?

அவையின் முன் வைக்கப்படும் தீர்மானம். பேச்சுப் போட்டித் தலைப்பைப் போல 'நீரும் உழவும்' என்று இருந்தால் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. மோஷன் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

பொதுவாக மூன்று வகை. 'செய்ய வேண்டும்' என்பது கொள்கைத் தீர்மானம். நம் வாய்க்கால் தலைப்பு அந்த வகை. 'கூட்டுக் குடும்பமே சிறந்தது' என்பது மதிப்பீட்டுத் தீர்மானம். 'சேரர் தலைநகரான வஞ்சி இன்றைய கரூர்தான்' என்பது உண்மை பற்றிய தீர்மானம். கடைசியாகச் சொன்னது நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது. வஞ்சி கொடுங்கல்லூரே என்று சொல்வோரும் இருக்கிறார்கள். கரூர்த் தரப்புக்குப் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் வரும் சேர மன்னர் பெயர்களும், அமராவதிக் கரையில் கிடைத்த ரோமானியக் காசுகளும் கைகொடுக்கும். எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு வராது.

நாங்கள் நம்பாத பக்கத்தை ஏன் பேசச் சொல்கிறீர்கள்? அது பொய் பேசப் பழக்குவது ஆகாதா?

அதிகம் பெற்றோர் கேட்பது இதைத்தான். தரப்பைப் பெரும்பாலும் டாஸ் போட்டோ சீட்டுக் குலுக்கியோதான் தீர்மானிக்கிறார்கள். ஆதரிப்பது அரசுத் தரப்பு, மறுப்பது எதிர்த்தரப்பு.

கசிவு நீரில் ஊறும் கிணறு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு டாஸில் அரசுத் தரப்பு விழுகிறது. தளம் போட வேண்டும் என்று அவள் பேச வேண்டும். அதற்குக் கடைமடைக்காரர் என்ன கஷ்டப்படுகிறார், எந்த மாதம் அவருக்குத் தண்ணீர் தேவை, நாற்று விட்டபிறகு வாய்க்கால் உடைந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அவள் தேடிப் படித்தாக வேண்டும். பேசி முடித்த பிறகும் அவள் தன் வீட்டுப் பக்கமே நிற்கலாம், தவறில்லை. ஆனால் இனி எதிர்ப்பக்கத்தானை முட்டாள் என்றோ கெட்டவன் என்றோ அவளால் நினைக்க முடியாது. இந்தப் பயிற்சியில் நான் உயிராக நினைப்பது இதைத்தான்.

பொய் என்பது தெரிந்தே தவறான தகவலைச் சொல்வது. அதற்கு எந்தத் தரப்பிலும் அனுமதி கிடையாது. கிடைத்த தரப்புக்கு இருக்கும் நேர்மையான காரணங்களைத் தேடி எடுத்து வைப்பது மட்டுமே பேச்சாளரின் வேலை.

வரையறை யார் சொல்ல வேண்டும்?

அரசுத் தரப்பின் முதல் பேச்சாளர். 'கான்கிரீட் தளம்' என்றால் வாய்க்காலின் அடியும் பக்கமும் சேர்ந்தா, பக்கச் சுவர் மட்டுமா? முழு 200 கிலோமீட்டருமா, உடைப்பு எடுக்கும் இடங்கள் மட்டுமா? முதல் நிமிடத்திலேயே இதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

இங்கேதான் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். 'தளம் என்று நாங்கள் சொல்வது பழுதான மதகுகளைப் பூசுவது மட்டும்' என்று சுருக்கிக்கொண்டால் எதிர்த்தரப்புக்குப் பேச எதுவும் மிஞ்சாது. இப்படிச் செய்தால் எதிர்த்தரப்பு அந்த வரையறையை மறுக்கலாம். ஊரில் இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்ட ஒருவர் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்வாரோ அதுதான் நியாயமான வரையறை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு?

மாற்றம் கேட்பவருக்கு. இப்போது இருப்பதை நடப்பு நிலை என்கிறோம். வாய்க்கால் மண்ணாக இருக்கிறது; அதை மாற்று என்கிறவர், ஏன் மாற்ற வேண்டும், மாற்றினால் நிலைமை சீராகுமா என்ற இரண்டையும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நடப்பு நிலையே நீடிக்கும். இந்தக் கருத்தை மேடைப்பேச்சுக் கலைக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் வேட்லி என்ற ஆங்கிலேயர், 1828இல்.

அதற்காக எதிர்த்தரப்பு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. 'கிணறுகள் வற்றும்' என்று அவர்கள் சொன்ன கணமே, அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் ஏறிவிடுகிறது. எதைச் சொல்கிறோமோ அதற்கு நாமே ஜவாப்தாரி.

வாதம் என்பதற்கு என்ன இலக்கணம்?

கூற்று, காரணம், சான்று மூன்றும் வேண்டும் என்று போட்டிக் கையேடுகள் சொல்லும். நம்மிடம் இதைவிட நுணுக்கமான பாடம் இருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரின் வாதங்களைக் கேட்கிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை, அதாவது தர்க்கம், சொல்லிக் கொடுக்கிறார். வாதத்தின் உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம். 'புகை இருப்பதால்' என்பது ஏது. 'அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம். அதை இந்த மலைக்குப் பொருத்துவது உபநயம். 'ஆகவே நெருப்பு இருக்கிறது' என்று முடிப்பது நிகமனம்.

இதை வாய்க்காலுக்குப் போட்டுப் பார்ப்போம்.

பக்கம்: தளம் போட்டால் கரையோரக் கிணறுகளில் நீர் குறையும்.
ஏது: அந்தக் கிணறுகள் வாய்க்கால் கசிவால் ஊறுகின்றன.
திட்டாந்தம்: வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய காலத்தில் நீர்மட்டம் இறங்கிய ஒரு குறிப்பிட்ட ஊர்க் கிணறு.
உபநயம்: தளம் போடுவதும் கசிவைப் பொறுத்தவரை தண்ணீர் நிறுத்துவது போன்றதே.
நிகமனம்: ஆகவே கிணறுகளில் நீர் குறையும்.

பெரும்பாலான மாணவர்கள் பக்கத்தைச் சொல்லி, ஒரு செய்தியைத் திட்டாந்தமாகக் காட்டிவிட்டு நேராக நிகமனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஏதுவும் உபநயமும் விடுபட்டுப் போகின்றன. எதிரணி நுழைவது அந்த இடைவெளியில்தான். மேலே உள்ள உதாரணத்திலும் உபநயம்தான் பலவீனமான கண்ணி: தண்ணீரை முற்றிலும் நிறுத்துவதும் தளம் போட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் ஒன்றா? தேர்ந்த எதிரணி அங்கேதான் கை வைக்கும்.

ரிபட்டல் (எதிரணி வாதத்துக்குச் சொல்லும் மறுப்பு) எத்தனை வகை?

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரம் என்பது கொங்கு நாட்டு வழக்கு. அவர் நூலாசிரியருக்குச் சொன்ன ஏழு மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, நான் விவாத வகுப்பின் முதல் பாடமாகவே வைத்திருக்கிறேன். உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல், தானே நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறிதொன்றோடு சேராமல் தன் மதம் கொள்ளல்.

இன்றைய மேடைக்கு முதல் மூன்றும் ஐந்தாவதும் மிக முக்கியம்.

உடன்படல்: 'கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.' இதைச் சொல்லப் பயப்படாதீர்கள். உண்மையை மறுத்து மூன்று நிமிடம் வீணாக்குவதைவிட, ஒப்புக்கொண்டு மேலே போவது நடுவரிடம் நம்பிக்கையைக் கூட்டும்.

மறுத்தல்: 'அதற்குக் காரணம் கசிவு என்பது சரியல்ல' என்று காரணத்தையே உடைப்பது.

மேற்கொண்டு களைதல்: 'சரி, கசிவுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கசிந்த தண்ணீர் வீணாகவில்லை, கிணறு வழியாக வெள்ளாமைக்குத்தான் போகிறது.' எதிராளியின் கூற்றை ஏற்றுக்கொண்ட பிறகும் அவர் முடிவு நிற்காது என்று காட்டுவது இது. மூன்றிலும் வலுவானது. நேரடி மறுப்பு தோற்றாலும் இது உங்களைக் காப்பாற்றும்.

ஒருதலை துணிதல்: இரண்டு பக்கமும் பேசி முடித்த பிறகு, மோதும் இரண்டில் எது கனமானது என்று சொல்லி முடிப்பது. கடைசிப் பேச்சாளரின் வேலை.

கிளாஷ் என்று நடுவர்கள் சொல்வது எது?

இரண்டு தரப்பும் நேருக்கு நேர் முட்டும் இடம். அரசுத் தரப்பு கடைமடை பற்றியே பேசுகிறது, எதிர்த்தரப்பு கிணறு பற்றியே பேசுகிறது என்றால் மோதல் இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'ஒரே தண்ணீருக்கு இரண்டு பேர் உரிமை கேட்கிறார்கள். ஆயக்கட்டில் (வாய்க்கால் பாசனத்துக்கு உரிய நிலப்பரப்பில்) பதிவான உரிமைக்கு முன்னுரிமையா, பல தலைமுறையாகக் கசிவை நம்பி வாழ்ந்த பழக்கத்துக்கு முன்னுரிமையா?' என்று யாராவது கேட்டால் அங்கே மோதல் பிறக்கிறது. அந்தக் கேள்வியை முதலில் வாய்விட்டுச் சொல்கிற அணி பாதி ஜெயித்துவிட்டது.

எடைபோடுவது எப்படி?

எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு ஆழமான பாதிப்பு, நடக்கும் என்பதற்கு எவ்வளவு உறுதி, எவ்வளவு சீக்கிரம் நடக்கும், பிறகு சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் தலைப்பில் எதிர்த்தரப்புக்கு அதுதான் பெரிய ஆயுதம்: ஒருமுறை போட்ட தளத்தைப் பெயர்ப்பது லேசான காரியமில்லை.

மாற்றுத்திட்டம் கொண்டுவரலாமா?

எதிர்த்தரப்பு கொண்டுவரலாம். 'மண் கரையையே பலப்படுத்துங்கள், பழுதான மதகுகளையும் பாலங்களையும் மட்டும் சீர்செய்யுங்கள்' என்பது ஒரு மாற்றுத்திட்டம். அது அரசுத் தரப்புத் திட்டத்தோடு சேர்ந்து நடக்க முடியாததாக இருக்க வேண்டும். 'தளமும் போடுங்கள், மரமும் நடுங்கள்' என்பது மாற்றுத்திட்டம் ஆகாது, இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம்.

பிஓஐ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) என்றால்?

எதிரணிக்காரர் பேசும்போது எழுந்து நின்று கேட்கும் இடைக்கேள்வி. அதிகபட்சம் பதினைந்து விநாடிக்குள் முடிக்க வேண்டும். பேச்சின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எழக்கூடாது. ஏற்பதும் மறுப்பதும் பேசுகிறவர் விருப்பம். ஆனால் ஒன்றைக்கூட ஏற்காவிட்டால் பயந்ததாகவே நடுவர் எடுத்துக்கொள்வார். ஒன்றோ இரண்டோ ஏற்பது நல்லது.

ஒரு மாதிரி:

"கடைமடைக்காரருக்கும் ஆயக்கட்டில் இடம் இருக்கு, ஆனா தண்ணி வர்றதில்லை..."
"இடைக்கேள்விங்க."
"கேளுங்க."
"தண்ணி போகாததுக்குக் கசிவுதான் காரணம், வழியில மோட்டார் வெச்சு இறைக்கறது இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"
"ரெண்டுமே காரணம்தானுங்க. மோட்டாரைத் தடுக்க அதிகாரி போதும். கசிவைத் தடுக்கத் தளம்தான் வேணும். நான் பேசறது ரெண்டாவதைப் பத்தி."

பதிலைக் கவனியுங்கள். மழுப்பவில்லை. கேள்வியில் இருந்த உண்மையை ஒப்புக்கொண்டு, அதைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத் தன் வாதத்துக்குத் திரும்பிவிட்டார். கேள்வியும் நன்றாக இருந்தது. 'விவசாயிகள் மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறதா?' என்று கேட்டிருந்தால் யாருக்கும் பயனில்லை.

என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன?

பள்ளிகளுக்கு அதிகம் பயன்படுவது உலகப் பள்ளிகள் வடிவம். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் அணிக்கு ஒரு நான்கு நிமிடத் தொகுப்புரை. தொகுப்புரையை எதிர்த்தரப்பு முதலில் பேசும். சில தலைப்புகள் முன்கூட்டியே தெரியும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்தான் தயாரிப்பு. உலகப் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கியது.

கல்லூரிகளில் பிரிட்டிஷ் பார்லிமென்டரி வடிவம். நான்கு அணி, அணிக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டுப் பேர், ஆளுக்கு ஏழு நிமிடம், பதினைந்து நிமிடத் தயாரிப்பு. அரசுத் தரப்பிலேயே இரண்டு அணி இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்றும் போட்டி போடும். இரண்டாவதாக வரும் அணி முதல் அணியை மறுக்காமல், அவர்கள் சொல்லாத புதிய வாதத்தைக் கொண்டுவர வேண்டும். அதை எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். 2014 உலகப் பல்கலைக்கழகப் போட்டி இந்த வடிவத்தில் சென்னையில்தான் நடந்தது.

ஒருவருக்கு ஒருவர் மோதும் லிங்கன்-டக்ளஸ் வடிவமும் உண்டு. 1858இல் இல்லினாய் மாநிலத்தில் லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் நடத்திய விவாதத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நம் பக்கம் அது அபூர்வம்.

இவற்றுக்கெல்லாம் மூத்தவை கேம்பிரிட்ஜ் யூனியன் (1815), ஆக்ஸ்போர்டு யூனியன் (1823) போன்ற மாணவர் மன்றங்கள். கேம்பிரிட்ஜ் மன்றத்துக்கு 1938இல் தலைவராக இருந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம். தமிழ்நாட்டுக்குள்ளேயே 1943இல் கம்பராமாயணத்தை முன்வைத்து அண்ணா இரண்டு பெரிய சொற்போர்களில் பேசினார். சென்னையில் எதிரே நின்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். எவ்வளவு கடுமையான தலைப்பையும் மேடை போட்டு, எதிராளியை எதிரே உட்காரவைத்துப் பேச முடியும் என்பதற்கு அந்த இரண்டு கூட்டங்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விப் என்பவர் என்ன செய்வார்?

பிரிட்டிஷ் வடிவத்தில் ஒவ்வொரு தரப்பின் கடைசிப் பேச்சாளர். முழு விவாதத்தையும் இரண்டு மூன்று மோதல்களாகத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் தன் தரப்பு ஏன் மேலே நிற்கிறது என்று காட்டுவார். எதிர்த்தரப்பு விப் புதிய வாதம் கொண்டுவரக் கூடாது. அதற்குப் பதில் சொல்ல ஆள் மிச்சமில்லையே!

நடுவர் எப்படி மதிப்பெண் போடுகிறார்?

உலகப் பள்ளிகள் வடிவத்தில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20. உத்தி என்றால் நேரத்தைப் பங்கிட்டது, முக்கியமானதை முன்னால் வைத்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. பிரிட்டிஷ் வடிவத்தில் நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி 3, 2, 1, 0 என்று புள்ளி தருவார்கள்.

நடுவர் பாசனத்துறைப் பொறியாளராகவே இருந்தாலும் தன் அறிவை உள்ளே கொண்டுவரக் கூடாது. செய்தித்தாள் படிக்கிற, திறந்த மனதுள்ள ஒரு சாதாரண வாக்காளர் இந்தப் பேச்சுகளைக் கேட்டால் யார் பக்கம் சாய்வார் என்று பார்க்க வேண்டும். நம் பள்ளிப் போட்டிகளில் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. அவையில் எந்த அணியும் சொல்லாத ஒரு காரணத்தைச் சொல்லி நடுவர் தீர்ப்பளித்தால், பிள்ளைகள் மரியாதையோடு விளக்கம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

குரல் நன்றாக இருந்தால் போதுமா?

போதாது.

குறிப்பு எப்படி எடுப்பது?

ஏ4 தாளைப் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். பேச்சாளருக்கு ஒரு பத்தியாகக் கோடு போடுங்கள். எதிரணி சொல்வதைச் சிவப்பிலும் உங்கள் பதிலை நீலத்திலும் எழுதுங்கள். வாக்கியம் வேண்டாம், 'கிணறு வற்றும் - சான்று? எந்த ஊர்?' என்ற அளவு போதும். சிவப்பிலிருந்து நீலத்துக்கு அம்புக்குறி இழுங்கள். உங்கள் முறை வரும்போது அம்பு இல்லாத சிவப்பு வரி ஏதாவது இருந்தால், அதுதான் நீங்கள் இன்னும் பதில் சொல்லாத வாதம். எழுந்திருக்கும் முன் அதற்கு ஒரு வரி யோசித்துவிடுங்கள். எதிரணி சொல்லி நீங்கள் தொடாமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே நடுவர் கணக்கில் வைப்பார்.

போலி வாதங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

மணிமேகலையிலேயே பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மேடையில் அடிக்கடி வருபவை இவை.

ஆளைத் தாக்குவது: 'உங்களுக்கு நிலமே இல்லை, வாய்க்காலைப் பற்றிப் பேசலாமா?' நிலம் இல்லாதவர் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

திரித்து அடிப்பது: தளம் போடலாம் என்றவரை 'கிணற்று விவசாயிகள் அழியட்டும் என்கிறார்' என்று மாற்றிச் சொல்லி, அதற்குப் பதில் சொல்வது. கண்ணியமில்லாத தந்திரம். கைதட்டல் கிடைத்தாலும் செய்யாதீர்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது: தளம் போட்ட வருடம் மகசூல் கூடியது, ஆகவே தளமே காரணம். அந்த வருடம் மழை எப்படி என்று கேட்டாலே போதும்.

இரண்டே வழி என்பது: 'தளம் போடு, இல்லாவிட்டால் கடைமடை பாலைவனம்.' நடுவில் எத்தனையோ வழிகள் இருக்கும்.

எதிராளி போலி வாதம் சொன்னால் அதற்குப் பெயர் வைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்கே தவறு என்று ஒரு வரியில் காட்டுங்கள்.

எதைச் சான்றாகக் காட்டலாம்?

அரசாணை, நீதிமன்ற உத்தரவு, துறை அறிக்கை, நாளிதழ்ச் செய்தி. யார் சொன்னது, எந்த ஆண்டு என்ற இரண்டும் இருக்க வேண்டும். உதாரணமாக நொய்யல் மாசு பற்றிப் பேசும்போது 'கோர்ட்டே சொல்லிடுச்சு' என்றால் பலமில்லை. 'சாயக் கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது' என்றால் எதிரணி யோசிக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கணக்கை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். நேரில் ஒரு விவசாயியிடம் கேட்டதைச் சொல்லலாம், ஆனால் அது ஒருவர் அனுபவம் என்று சொல்லியே வையுங்கள்.

கோரம், பாயின்ட் ஆஃப் ஆர்டர், காஸ்டிங் ஓட்டு: இதெல்லாம் போட்டியில் வருமா?

பெரும்பாலும் வராது. இவை சட்டமன்றம், கிராம சபை, சங்கக் கூட்டம் போன்ற முடிவெடுக்கும் அவைகளுக்கு உரியவை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள். சட்டமன்றத்துக்கு மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, எப்படியும் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. 234 பேர் உள்ள நம் பேரவைக்கு 24. தமிழ்நாட்டுக் கிராம சபைக்கு மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பாயின்ட் ஆஃப் ஆர்டர் என்பது அவை விதி மீறப்படுகிறது என்று தலைவரிடம் எழுப்பும் ஆட்சேபம். கருத்தை மறுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டு சமமாக விழும்போது மட்டும் தலைவர் போடுவது காஸ்டிங் ஓட்டு. கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன் 1933இல் டில்லி மத்திய சட்டசபையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரே.

மாணவர்கள் ஒருமுறையாவது தங்கள் ஊர் கிராம சபையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தீர்மானம் எழுதும் புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்பது அங்கே புரியும்.

கொங்குத் தமிழில் பேசலாமா?

தாராளமாக. 'ங்க' போட்டுப் பேசுவதால் எந்த வாதமும் பலவீனமாகாது. எதிராளியிடம் 'நீங்க சொன்னதுல ஒரு சந்தேகமுங்க' என்று தொடங்கும்போது, சண்டை தொனியே இல்லாமல் கடுமையான கேள்வியைக் கேட்டுவிட முடிகிறது. வெளி மாவட்ட நடுவருக்குப் புரியாத சொல் வந்தால் மட்டும் ஒரு வார்த்தையில் விளக்கிவிடுங்கள். வட்டார வழக்குக்காக மதிப்பெண் குறைத்தார் என்று தெரிந்தால், ஆசிரியர்கள் அதை அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் விவாதக் குழு தொடங்க என்ன வேண்டும்?

ஆறு மாணவர், ஒரு கடிகாரம், நடுவராக உட்கார ஓர் ஆசிரியர். வாரம் ஒருநாள், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம். முதல் மாதம் எட்டு நிமிடப் பேச்சு வேண்டாம், மூன்று நிமிடம் போதும். ஒவ்வொரு பேச்சாளரும், தனக்கு முன் பேசியவர் சொன்னதை 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதிலைத் தொடங்க வேண்டும் என்று விதி வையுங்கள். அவர் தலையசைத்த பிறகே நேரம் ஓடத் தொடங்கட்டும். இரண்டாவது மாதம் இடைக்கேள்வியைச் சேருங்கள், மூன்றாவது மாதம் தொகுப்புரையை. தலைப்புகளுக்கு அலைய வேண்டாம். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றுவது, உழவர் சந்தை நேரம், பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்ட், காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நடைபாதை என்று சுற்றிலும் கிடக்கின்றன. அடுத்த பள்ளியோடு ஒரு நட்பு விவாதம் வைக்கும் முன் குறைந்தது ஒருமுறையாவது எல்லோரும் இரண்டு தரப்பும் பேசியிருக்க வேண்டும்.